எத்தனை நாள் என்று எழுதாத கேஸ் மாத்திரை

பேதி வராமலிருக்கக் கையைக் கழுவுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) என் கிளினிக்கில் வந்து உட்காரும் இளம் டாக்டர்களின் மருந்துச் சீட்டைப் பார்த்தால், இருபது வருஷத்துக்கு முன் நான் எழுதிய சீட்டு மாதிரியே இருக்கிறது. பேதிக் கிருமிகளுக்கு எதிராக உடம்பிலேயே இருக்கும் காவலை நம் சீட்டே கெடுத்துவிடுகிறது. அதனால்தான் இது.

எல்லாச் சீட்டிலும் கேஸ் மாத்திரை

காய்ச்சலோ, சளியோ, மூட்டுவலியோ, முதல் வரியில் பான்டோபிரசோல், அதாவது வயிற்றில் அமிலம் சுரப்பதை அடக்கும் கேஸ் மாத்திரை. "வயித்துக்குப் பாதுகாப்பு சார்" என்கிறார்கள். வயிற்றுக்குப் பாதுகாப்பே அந்த அமிலம்தான். சாப்பாட்டோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அதில் விழுந்துதான் சாகின்றன. காலராக் கிருமிக்கு அமிலம் ஆகவே ஆகாது. தன்னார்வலர்களை வைத்துச் செய்த பழைய சோதனைகளில், சாதாரண வயிற்றில் நோய் வரச் சுமார் 10 கோடி கிருமிகள் தேவைப்பட்டன. சோடா உப்பு கொடுத்து அமிலத்தை முறித்தபோது 10,000 போதுமானதாக இருந்தது.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். இங்கேயும் கெடிலமும் பெண்ணையாறும் கரை மீறினால் குடிநீரில் சாக்கடை கலந்துவிடும். இப்படிப்பட்ட ஊரிலா அமிலத்தை அடக்கி வைப்பது?

துறைமுகத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாவுக்கு முட்டிவலிக்குப் பத்து நாள் வலி மாத்திரை எழுதினேன், கூடவே கேஸ் மாத்திரை. அதற்கு மட்டும் நாள் கணக்கு போடவில்லை. வலி போனதும் வலி மாத்திரையை விட்டுவிட்டார். கேஸ் மாத்திரையை மட்டும் அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் மூன்று வருஷம் வாங்கியிருக்கிறார். ஒரு மழைக்காலத்தில் வீட்டில் எல்லாருக்கும் பேதி. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று முறை போய் நின்றுவிட்டது. இவரைக் கண் செருகி, நாடி பிடிபடாத நிலையில் தூக்கி வந்தார்கள். பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினோம். கண் திறந்ததும், "நீங்க எழுதிக் குடுத்தத ஒருநாள்கூட விடல டாக்டரு" என்றார். வயசும் ஒரு காரணம்தான். ஆனால் நாள் கணக்கு இல்லாத அந்த வரி என்னுடையது.

அல்சர் உள்ளவர்கள், மாதக்கணக்கில் ஆஸ்பிரின் சாப்பிடும் முதியவர்கள் ஆகியோருக்கு இந்த மாத்திரை அவசியம். இதைப் படித்துவிட்டு அவர்கள் நிறுத்தக்கூடாது. மற்றவர்களுக்கு எழுதும்போது எத்தனை நாள் என்று போடுங்கள். நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் கொஞ்ச நாளைக்கு அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். நெஞ்செரிச்சல் தாங்காமல் மறுபடி தொடங்கிவிடுவார். படிப்படியாகக் குறைத்துக் கொடுங்கள்.

பேதியைக் கட்டும் மாத்திரை

பேதியாகும்போது குடல், கிருமியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. குழந்தைக்கோ, ரத்தமும் காய்ச்சலும் இருப்பவருக்கோ கொடுக்காதீர்கள்.

எல்லாப் பேதிக்கும் ஆன்டிபயாடிக்

குடலில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் நல்ல கிருமிகளை அழித்தால், கெட்டது வந்து உட்கார இடம் காலி.

பேதி என்று தாய்ப்பாலை நிறுத்துவது

வேண்டாம். முதல் மாதங்களில் பச்சைக் குழந்தையின் குடலுக்குப் பூச்சாக நிற்கும் ஐ.ஜி.ஏ. என்ற நோய் எதிர்ப்புப் புரதம் அந்தப் பாலில்தான் வருகிறது.