ஹாலுக்கு ஒரு பட்ஜெட்: அளவெடுப்பதிலிருந்து கடைசிப் பாக்கி வரை

கணக்குக்கு 12-க்கு 14 அடி ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் 10 அடி, ஒரு கதவு, இரண்டு ஜன்னல். பெயிண்ட், திரை, விளக்கு எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய். உங்கள் வீட்டு அளவுகளை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் 6,000-ஐ ஒதுக்குங்கள்

எதிர்பாராத செலவுக்காக, அதாவது 15 சதவீதம். பழைய வீடென்றால் 20 கூட வைக்கலாம். மீதி 34,000தான் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டரிடமும் கடையிலும் அதையே சொல்லுங்கள்.

2. நிறம் பார்க்குமுன் சுவரைப் பாருங்கள்

பெரும்பாலான பட்ஜெட் கவிழ்வது இங்கேதான். ஈரக் கையால் சுவரைத் தேயுங்கள். வெள்ளையாகப் பொடி ஒட்டினால் பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ இருக்கிறது. சுரண்டாமல் மேலே பட்டி (சுவரை வழவழப்பாக்கும் பூச்சு) போட்டால் அப்படியே ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். சுரண்டும் கூலி தனி, அதை இப்போதே எழுதுங்கள்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் உப்புப் பூத்திருந்தால், ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குளியலறைக் குழாய்க் கசிவா, வெளிச்சுவர் விரிசலா என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகுதான் பெயிண்ட். 'வாட்டர்ப்ரூஃப்' என்று உள்பக்கம் மட்டும் எதையாவது பூசுவது அநேகமாக வீண் செலவு. ஈரம் பக்கத்தில் வேறு இடம் பார்த்துக் கிளம்பும்.

3. அளவு

சுற்றளவு 52 அடி, உயரம் 10: 520 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னல்களுக்கு 32 கழித்தால் 467.

எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வையுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு வழவழப்பான சுவருக்கானது, அதை நம்பி வாங்கினால் கடைசிச் சுவரில் பற்றாக்குறை வரும். 467-க்கு சுமார் 8 லிட்டர், இரண்டு 4 லிட்டர் டப்பா. பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, ஒரு கோட்டுக்கு 5 லிட்டர். பட்டி இரண்டு கோட் முழுதாகப் போட்டால் கிலோவுக்கு 15 சதுர அடி, ஆக 31 கிலோ. வெடிப்புகளை மட்டும் அடைப்பதென்றால் 10 கிலோவே தாராளம். பிரித்த பட்டி மூட்டை மழைக்காலத்தில் கட்டியாகிவிடும், 'இருக்கட்டும்' என்று அதிகம் வாங்க வேண்டாம்.

சீலிங் இதில் சேராது. அதற்கு 168 சதுர அடி வெள்ளை, தனிக் கணக்கு.

நிறம் கலந்த டப்பாவைக் கடையில் பொதுவாகத் திரும்ப எடுக்க மாட்டார்கள். இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்து அடித்தால் சுவருக்குச் சுவர் சாயல் மாறாது. அடர் நிறத்துக்கு பேஸே (நிறம் கலக்கும் அடிப்படைப் பெயிண்ட்) வேறு, விலையும் கூடும். கோட்டும் ஒன்று கூடலாம்.

4. வேலை வரிசை

புது ஸ்விட்ச், ஃபேன், சுவர்விளக்கு எதுவானாலும் எலக்ட்ரீஷியன் பட்டிக்கு முன்னால் வந்துபோக வேண்டும். பின்னால் வந்தால் சுவரை வெட்டிய இடத்தில் இரண்டாம் முறை கூலி.

5. கூலி பேசுவது

நாள்கூலியை விட சதுர அடிக் கணக்கு நல்லது. ஆனால் கதவு, ஜன்னல் கழிப்பார்களா, சுரண்டுதலும் சுத்தம் செய்வதும் சேர்ந்ததா என்பதை எழுதி வாங்குங்கள். பொருளை நீங்களே வாங்குங்கள். முன்பணம் 20 சதவீதம் போதும், பிரைமர் முடிந்ததும் 40, மீதி தரையில் சிந்தியதைத் துடைத்த பிறகு.

6. திரை

4 அடி ஜன்னலுக்கு 5 அடி ராடு. துணி அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு: 48 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) இரண்டு பட்டை. 7 அடி நீளத் திரைக்கு மடிப்போடு 8 அடி வெட்டினால் ஜன்னலுக்கு 5 மீட்டர். பருத்தி சுருங்கும், நனைத்துக் காயவைத்தே தையலுக்குக் கொடுங்கள். பெரிய பூப்போட்ட துணியில் டிசைன் பொருந்த அரை மீட்டராவது கூடும்.

7. நோட்டில் மூன்று பத்தி

நெடுக்காக மூன்று கட்டம்: மதிப்பு (முன்கூட்டிப் போட்ட கணக்கு), பேசியது, கொடுத்தது. செயலிகளில் பெரும்பாலும் 'கொடுத்தது' மட்டுமே ஏறும், அதனால் கையில் பணம் இருப்பதாகத் தோன்றும். 40 பக்க நோட்டு போதும். தையல்காரரிடம் வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்ட தொகைகூட அன்றைக்கே 'பேசியது' பத்தியில் ஏற வேண்டும். அந்தப் பத்தியின் கூட்டல் 34,000-ஐத் தொட்டதும் கடைக்குப் போவதை நிறுத்துங்கள். 6,000 ஓதத்துக்கும் உடைசலுக்கும் மட்டும், மெத்தை உறைக்கு அல்ல.

பின்சேர்க்கை: வாடகைக்குக் குடியிருப்பவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். பட்டியும் ஓதமும் வீட்டு உரிமையாளர் செலவு என்று முதலில் பேசிப் பாருங்கள். முடியாதென்றால் சுவரை விட்டுவிட்டு, கழற்றி எடுத்துப்போகும் திரை, விளக்கு, பாய் இவற்றுக்குப் பணத்தைத் திருப்புங்கள்.