ஆதார், பான் நகலில் பிறர் கடன் வாங்கினால்: கடலூரில் புகார் செய்யும் முறை

உங்கள் ஆதார், பான் நகல்களைக் காட்டி வேறொருவர் கடன் பெற்றிருப்பது தெரிய வந்தால், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்து ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால், அதற்கு முன்பே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைத்துவிட வேண்டும்.

அடுத்தது காவல் நிலைய மனு. கடன் புதுச்சேரியில் வாங்கப்பட்டதால் அங்கே போகும்படி கடலூரில் சொன்னால் (சொல்வதுண்டு), 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகார் கொடுக்கலாம் என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். மனுவில் மனக்குமுறலைக் கொட்டுவதைவிட, கடன் கணக்கு எண், தேதி, தொகை, விவரம் தெரிய வந்த விதம் ஆகியவற்றை வரிசையாக எழுதி, சிபில் (கடன் விவரங்களைத் தொகுக்கும் நிறுவனம்) அறிக்கையில் அந்தக் கடன் காணப்படும் பக்கத்தை இணைப்பதே பலன் தரும்; அடையாளத் திருட்டு தொடர்பான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவையும் குறிப்பிடலாம். மனு ஏற்புச் சீட்டோடு திரும்பிவிடாமல், வழக்குப் பதிந்து முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தரும்படி கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

அந்த நகலை இணைத்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் சிபிலுக்கும் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவியுங்கள். ஆதார் இணையதளத்தில் கைரேகைப் பதிவையும் அன்றே பூட்டிவிடலாம்.