மார்கழிக் காலையில் கண்மாய்க்குப் போகிறவர்கள் செய்கிற தவறுகள்

மழை ஓய்ந்து கண்மாய் நிறைந்து கிடக்கிற மார்கழி, தை மாதங்கள்தான் மதுரையில் பறவை பார்க்க ஏற்ற காலம். வண்டியூர், சாமநத்தம் பக்கம் வெளிநாட்டு வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கியிருக்கும். நம் ஊர் நாரைகள் கூடு கட்டியிருக்கும். ஆனால் ஆசையோடு போய், ஒன்றும் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

குளிருக்குப் பயந்து ஒன்பது மணிக்குக் கிளம்புவது முதல் தவறு. நம் ஊரில் குளிர் விடியலோடு சரி. அதன்பிறகு வெயில் ஏறி, தண்ணீரைப் பார்த்தாலே கண் கூசும். பறவைகளும் நிழலுக்கு ஒதுங்கிவிடும். ஆறரைக்கெல்லாம் கரையில் இருங்கள். நிலம் கிழக்கே சரிவதால் இங்கே பல கண்மாய்களுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான். அங்கே நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். எதிர்ப்பக்கம் போனால் வெறும் கருப்பு உருவம்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கிட்டப் போவது. நானும் செய்திருக்கிறேன். தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. படம் எடுக்கிற ஆசையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தேன். அலகோடு அலகு தட்டும் டகடக சத்தம் சட்டென்று நின்றது. மறு நொடி மரமே எழும்பிப் பறந்ததுபோல் இருந்தது. நான் கரையேறுவதற்குள் ஒரு காகம் கூட்டில் இறங்கி முட்டையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து தண்ணீரில் கால் வைப்பதில்லை.

காகம் மட்டுமல்ல, தாய்ப்பறவை எழுந்துபோனால் வெயிலில் முட்டை வெந்துவிடும்; குஞ்சும் தாங்காது. வலசை வந்த வாத்துகளுக்கோ வேறு கஷ்டம். பங்குனி வாக்கில் திரும்பிப் பறக்க அவை உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும். நாம் ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது.

சரி, எப்படித்தான் பார்ப்பது? ஒரு இடத்தில் அசையாமல் இருபது நிமிடம் உட்காருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு வாலாட்டி பத்தடி தள்ளி வந்து இறங்கும், வாலை ஆட்டி ஆட்டிப் பூச்சி பொறுக்கும். நாரை நத்தையைக் கவ்வும்போது, மூடிய பிறகும் அதன் அலகின் நடுவே தெரிகிற இடைவெளியைப் பைனாகுலரில் பாருங்கள். அவசரப்படுகிறவர்களுக்கு இது கிடைக்காது. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதையும் விட்டுவிடுங்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அது அலையும்.

அரிட்டாபட்டிக்கும் இதே விதிதான். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த இடம் அது. அங்குள்ள பாறை முகடுகளில் வல்லூறுகளும் கழுகுகளும் கூடு வைக்கிற காலமும் இந்தக் குளிர்காலம்தான். மலை ஏறி, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, டிரோன் பறக்கவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. சமணர் படுக்கையைப் பாருங்கள், அடிவாரத்திலிருந்து பைனாகுலரில் முகட்டைப் பாருங்கள். அது போதும்.

அழகர்மலைக் குரங்குகளுக்குத் தின்பண்டம் நீட்டாதீர்கள். கொடுத்துப் பழக்கிய பிறகு பையைப் பிடுங்குகிறதே என்று அதைக் கல்லால் அடிப்பது நியாயமில்லை.

கடைசியாக நம் உடம்பு. வெறும் செருப்போடு புல்லில் நடக்காதீர்கள். காலை வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளப் பாம்பு கரையில்தான் படுத்திருக்கும். ஷூவும் முழுக்கால் பேன்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். புதரை ஒட்டிய புல்லில் வெறுமனே உட்காராமல் ஒரு விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணி கடித்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வருவது நம் பக்கம் இந்த மாதங்களில்தான் அதிகம். வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடுப்பைத் துவைக்கப் போடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்குகளில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். அது வலிக்காது என்பதால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். புண் இல்லாவிட்டாலும், கண்மாய்க்குப் போய்வந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.