கால்சியம் ஸ்கோர் ஜீரோ என்றால் பிளாக் இல்லையா? சிடி ஆஞ்சியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் ஹெல்த் செக்கப் பேக்கேஜோடு கால்சியம் ஸ்கோரும் சேர்ந்தே வருகிறது. ஜீரோ என்று வந்ததும் "ஹார்ட் கிளீன்" என்று ஃபேமிலி குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். அந்த ஸ்கேன், இதய ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பை மட்டும்தான் கணக்கெடுக்கிறது. கெட்டிப்படாத கொழுப்பு அதில் சிக்காது. தொந்தரவே இல்லாதவருக்கு ஜீரோ நல்ல சேதி. மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்பவருக்கு, முக்கியமாக நாற்பதைத் தொடாதவருக்கு, அது போதாது. அவருக்குக் கான்ட்ராஸ்ட் (குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்து) ஏற்றி எடுக்கும் சிடி கரோனரி ஆஞ்சியோ தேவைப்படலாம். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து வியர்த்துக் கொட்டினால் ஸ்கேனுக்கு அப்பாயின்ட்மென்ட் தேட வேண்டாம். ஜெயதேவா இதய மருத்துவமனையோ, அதைவிடப் பக்கத்தில் எதுவோ, நேரே எமர்ஜென்சிக்கு.

ஸ்கேன் பெரும்பாலும் கெடுவது நாடித்துடிப்பால். நிமிடத்துக்கு 60, 65க்குள் இருந்தால்தான் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாய்கள் கலங்காமல் பதியும். சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டி, லேட்டாகிவிட்டதே என்று ஓடிவந்து படுத்தால் மானிட்டரில் 92 காட்டும். துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரலால் கொடுத்து, இறங்கும்வரை உட்கார வைப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முந்தைய நாளிலிருந்தே காபி, டீ கூடாது. "அரை டம்ளர் டிகாக்‌ஷன்தானே" என்பதும் காபிதான்.

குழாய் விரிய நாக்கடியில் நைட்ரோகிளிசரின் வைப்பார்கள். ஓரிரு நாளுக்குள் வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் பிபி ஆபத்தாகச் சரியும். மனைவி பக்கத்தில் நிற்கிறார் என்று இதை மறைக்கிறவர்கள் உண்டு. நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டாவது சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

தர்மபுரியிலிருந்து அப்பாவை அழைத்து வந்திருந்தால் இன்னொரு வேலை: மூச்சை அடக்கச் சொல்லும் குரல் கன்னடத்திலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரலாம். எப்போது அடக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று வெளியிலேயே பழக்கிவிடுங்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும் என்பதையும் சொல்லி வையுங்கள். பயந்து அசைந்தால் படம் போச்சு.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் தேடுவது "எத்தனை பர்சென்ட் பிளாக்?" என்பதைத்தான். சுண்ணாம்பு அதிகமாக இருந்தால் சிடியில் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். 70 என்றதும் ஸ்டென்டுக்குக் கையெழுத்துப் போடாமல், ரத்த ஓட்டம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நிலையான இதயநோயாளிகளுக்கு ஸ்டென்ட், பைபாஸ் என்று முதலிலேயே போனதால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை; நெஞ்சுவலி குறைந்தது. இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை; அவர்கள் கதை வேறு.

இதைவிட எனக்குக் கவலை, 30 பர்சென்ட் வந்து ஃபைலை மூடிவிடுகிறவர்கள்தான். சின்னப் படிவும் வெடித்து மாரடைப்பு வரும். ஸ்காட்லாந்தில் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில் சிடி எடுத்த பிரிவில் ஐந்து ஆண்டுகளில் மாரடைப்பும் இதயநோய் மரணமும் 2.3 சதவீதம், எடுக்காத பிரிவில் 3.9. ஸ்டென்ட், பைபாஸ் எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிடி பார்த்தவர்களில் அதிகம் பேர் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை), ஆஸ்பிரின் போன்ற தடுப்பு மருந்துகளைத் தொடங்கியிருந்தார்கள்.