போர்டில் இருக்கும் பெயர் தெரியாத சிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று கால், கறுப்பு உடல், முதுகில் 662கே என்ற எழுத்து. சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் துண்டு இது. பார்த்த மாத்திரத்தில் டிரான்சிஸ்டர் என்று முடிவு கட்டி, பேஸ் எது, எமிட்டர் எது என்று பலர் மல்டிமீட்டரோடு தேடுகிறார்கள். உண்மையில் அது எக்ஸ்சி6206 வகை 3.3 வோல்ட் ரெகுலேட்டர், அதாவது வோல்டேஜைக் குறைத்து நிலையாகத் தரும் சிப்.

உருவத்தை வைத்துப் பெயர் சொல்வதுதான் முதல் தவறு. எஸ்ஓடி-23 என்பது இந்த மூன்று கால் கூட்டின் பெயர் மட்டுமே. உள்ளே டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட், இரட்டை டயோடு, டிஎல்431 என்ற வோல்டேஜ் ரெஃபரன்ஸ் என எதுவும் இருக்கலாம். எனவே எழுத்தைத் தேடும் முன் கால்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். 662கே-வில் தனியாக நிற்கும் காலில் 5 வோல்ட் வரும். எதிர்ப்பக்கத்துக் கால்களில் ஒன்று கிரவுண்ட், இன்னொன்றில் 3.3 வோல்ட். உள்ளே வரும் இடத்திலும் வெளியே போகும் இடத்திலும் ஒவ்வொரு கெப்பாசிட்டர் நிற்கும். இவ்வளவும் பொருந்தினால், எழுத்து அழிந்திருந்தாலும் ரெகுலேட்டர் என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது, முதுகில் இருக்கும் குறியீட்டைத் தேடி முதலில் வரும் விடையை நம்புவது. இடமில்லாததால் அச்சிடும் சுருக்கம்தான் அது. முழுப் பெயர் அல்ல. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட்டில் ஒரு கம்பெனி ஜே1 என்று போடும், இன்னொன்று எஸ்எஸ் என்று போடும். கூடவே ஒட்டியிருக்கும் எழுத்து தேதியாகவோ தொழிற்சாலைக் குறியாகவோ இருக்கலாம். பிஏவி99 இரட்டை டயோடின் குறியீடு ஏ7; நெக்ஸ்பீரியா தயாரிப்பில் அதன் பின்னால் வரும் டபிள்யூ, சீனாவில் செய்தது என்பதற்கான அடையாளம். ஏ7டபிள்யூ என்று மூன்று எழுத்தையும் சேர்த்துத் தேடினால் சரியான விடை கிடைக்காமலே போகலாம். குறியீடு, கூடு, சுற்றியுள்ள சர்க்யூட் மூன்றும் ஒத்துப்போனால்தான் விடை சரி.

எழுத்தே இல்லாத பழுப்பு நிறத் துண்டு என்றால் கெப்பாசிட்டர் என்று நினைப்பதும் வழக்கம். மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் பீடும் பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும். மீட்டரில் கிட்டத்தட்ட 0 ஓம் காட்டும். அதைப் பார்த்து, ஷார்ட் ஆன கெப்பாசிட்டர் என்று நல்ல பீடைப் பிடுங்கிவிடுகிறார்கள். பவர் லைனில் இருக்கும் கெப்பாசிட்டரின் ஒரு முனை பெரும்பாலும் கிரவுண்டில் இருக்கும். பீடோ அதே லைனின் நடுவே தொடராக உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் அச்சிட்ட சி (கெப்பாசிட்டர்), எல் (இண்டக்டர்), எஃப்பி (ஃபெரைட் பீட்) போன்ற எழுத்துகளையும் கவனியுங்கள்.

போர்டில் வைத்தே ரெசிஸ்டரை அளந்து அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சுற்றியிருக்கும் மற்ற பாதைகளால் மதிப்பு குறைவாகக் காட்டும். ஒரு முனையைத் தூக்கி அளப்பதே நல்லது.

பட்டைக் கோடு விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். டயோடில் கோடு இருக்கும் பக்கம் கேத்தோடு, அதாவது நெகட்டிவ் முனை. டான்டலம் கெப்பாசிட்டரில் அதே கோடு பாசிட்டிவ். திருப்பி மாட்டினால் டான்டலம் தீப்பிடிக்கவும் கூடும்.

அப்புறம், பாகத்தைக் கழற்ற ஹாட் ஏர் கருவியைக் கையில் எடுக்கும் முன் திசை தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். பாகம் கருகிப்போயிருந்தால், அதே போர்டில் இதே சர்க்யூட் இன்னொரு முறை வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீரியோ ஆம்பிளிஃபயரில் இடது சேனலில் எரிந்தது வலது சேனலில் முழுசாக இருக்கும்.