வெங்காயத் தோலில் மைட்டோகாண்ட்ரியாவைப் பார்ப்பது எப்படி?

வேலூரில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு உயிரியல் நடத்துகிறேன். பாடநூல் படத்தில் செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா அவரை விதை போல அசையாமல் கிடக்கும். உயிருள்ள செல்லில் அது நகர்கிறது, மற்றொன்றோடு இணைகிறது, இரண்டாகப் பிரிகிறது. ஆகவே படத்துக்கு முன் மைக்ராஸ்கோப்பைக் காட்டுங்கள்.

வெங்காய மடலின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய தோலை உரித்துக்கொள்ளுங்கள். சாயம் ஜேனஸ் கிரீன் பி. அதை 1 சதவீதக் கரைசலாகக் கலக்கி, அதில் 1 மி.லி.யை 99 மி.லி. சர்க்கரை நீரில் (100 மி.லி.க்கு 5 கிராம்) சேருங்கள். சாயம் கூடினால் செல்லுக்கு நஞ்சு. எங்கள் ஊர் போர்வெல் நீரில் உப்பு அதிகம். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே நல்லது. தோலைச் சாயக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கண்ணாடிச் சில்லு மூடி, 40 மடங்கு லென்சில் பாருங்கள். வேலூர் வெயிலில் ஸ்லைடு சீக்கிரம் காய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சில்லின் ஓரத்தில் அவ்வப்போது அதே கரைசலில் ஒரு சொட்டு விடுங்கள்.

செல் சுவரை ஒட்டி நீலப்பச்சைப் புள்ளிகளும் குட்டைக் கோல்களும் நகர்வது தெரியும். மைட்டோகாண்ட்ரியாவின் நொதி சாயத்தை ஆக்சிஜனேற்ற நிலையில் வைத்திருப்பதால் அங்கே மட்டும் நிறம் நிற்கிறது. சில்லுக்கு அடியில் ஆக்சிஜன் குறையக் குறைய அதுவும் மங்கும்.

இரண்டு புள்ளிகள் நெருங்கினால் மாணவர்கள் "சேர்ந்துவிட்டது!" என்று கூவுவார்கள். அந்த ஆர்வம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தொடுவது இணைவது ஆகாது. இணைவை உறுதிசெய்ய ஒளிரும் புரத அடையாளம் வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

பிறகு கரும்பலகைக்கு வாருங்கள். இங்கே மனித செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் மைட்டோகாண்ட்ரியாவை இணைக்கும் மைட்டோஃபியூசின் என்னும் புரதம் தாவரங்களில் கண்டறியப்படவில்லை. வெளிச்சவ்வுகளை மைட்டோஃபியூசின் 1, 2 இணைக்கின்றன, உட்சவ்வுகளை ஓபிஏ1 என்னும் புரதம். உள்ளே இருப்பவை கலப்பதால், சற்றே பழுதானதற்கும் நல்ல புரதமும் டிஎன்ஏவும் கிடைக்கின்றன. பிரியும்போது செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையின் குழல் முதலில் சுற்றிப் பிடிக்கும். டிஆர்பி1 என்னும் புரதம் வளையமாகி இறுக்கும். பழுது மிகுந்த துண்டு தனியாகிவிடும். அதன் சவ்வில் மின்னழுத்தம் குறைந்ததும் பிங்க்1 என்னும் புரதம் அங்கே சேர்ந்து பார்க்கின் என்னும் புரதத்தை அழைக்கும்; செல் அந்தத் துண்டைச் செரித்துவிடும்.

மைட்டோஃபியூசின் 2 மரபணு பழுதானால் சார்கோ-மேரி-டூத் 2ஏ என்னும் நரம்பு நோய் வரலாம்; ஓபிஏ1 பழுதானால் பார்வை நரம்பு நலியலாம். எல்லாச் செல்லுக்கும் பொதுவான இந்த வேலை கெட்டால், பாதம் வரை நீளும் நரம்புகள் ஏன் முதலில் வாடுகின்றன என்று கேளுங்கள். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஒரே நரம்பு செல்லின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது என்பதை மட்டும் துப்பாகக் கொடுங்கள்.