இடுப்பு திரும்பினால் கீழ்முதுகு தப்பும்: கோல்ஃப் ஆடுவோருக்கான ஸ்ட்ரெட்சிங்

வார இறுதியில் மட்டும் கோல்ஃப் ஆடுபவர்கள் அதிகம் புலம்புவது கீழ்முதுகைப் பற்றித்தான். வலி அங்கே இருப்பதால் அந்த இடத்தையே வளைத்து, முறுக்கி, ஸ்ட்ரெட்ச் செய்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு அங்கே இல்லை. அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கிறது.

முழு பேக்ஸ்விங்கில் (அடிப்பதற்காக மட்டையைப் பின்னால் ஓங்குவது) தோள்கள் ஏறக்குறைய 90 டிகிரி திரும்புகின்றன, இடுப்பு சுமார் 45 டிகிரி. மீதியை முதுகெலும்பு தர வேண்டும். விலா எலும்புகள் சேரும் மேல்முதுகு ஒரு பக்கத்துக்கு 30 முதல் 35 டிகிரி வரை திரும்பும். கீழ்முதுகில் உள்ள ஐந்து முள்ளெலும்புகளும் சேர்ந்து தருவது 10 டிகிரி அளவில்தான். அங்குள்ள சிறு மூட்டுகள் குனிந்து நிமிர்வதற்கு ஏற்றபடி அமைந்தவை, திரும்புவதற்கு அல்ல. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு மேல்முதுகும் இடுப்பு மூட்டும் இறுகிப்போகும். ஸ்விங் செய்யும்போது அந்தக் குறையைக் கீழ்முதுகு ஈடுகட்டப் பார்க்கும். பயிற்சி ஸ்விங்குகளையும் கணக்கில் எடுத்தால் 18 குழி ஆட்டத்தில் இது நூறு தடவைக்கு மேல் நடந்துவிடுகிறது.

அதனால் நாம் தளர்த்த வேண்டியது மேல்முதுகையும் இடுப்பையும்தான். கீழ்முதுகை முறுக்கவே வேண்டாம். அடுத்தது நேரம். ஆட்டத்துக்கு முன் அசைந்தபடி செய்யும் பயிற்சிகள், நிறுத்திப் பிடிக்கும் பயிற்சிகள் வீட்டில் அல்லது ஆட்டம் முடிந்தபின். முதல் பந்தை அடிப்பதற்குச் சற்று முன்பு ஒரு தசையை நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால், அது கொஞ்ச நேரத்துக்கு வேகமாகச் சுருங்காது. கிளப்பின் (கோல்ஃப் மட்டை) வேகம் குறையும், பந்தும் அத்தனை தூரம் போகாது.

இங்கே சொல்வதெல்லாம் வலதுகை ஆட்டக்காரருக்கு. இடதுகைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

எது இறுகியிருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் இழுப்பதில் நேரம்தான் வீணாகும். இரண்டு சோதனைகள் போதும்.

மேல்முதுகுக்கு: சதுர டைல்ஸ் போட்ட தரையில், கோடுகளுக்கு நேராக ஒரு நாற்காலியைப் போட்டு அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். பாதங்கள் சேர்ந்திருக்கட்டும், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை இறுக்கிப் பிடியுங்கள். ஒரு கிளப்பை மார்புக்குக் குறுக்கே வைத்து, கைகளைக் கட்டி அணைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் நகராமல், நிமிர்ந்தபடி வலப்பக்கம் திரும்பி, கிளப் எந்தத் திசையில் நிற்கிறது என்று கீழே பாருங்கள். டைலின் மூலைக்கு மூலை போகும் கோடு சரியாக 45 டிகிரி. கிளப் அந்தக் கோட்டைத் தொட்டால் உங்கள் மேல்முதுகு ஆட்டத்துக்குப் போதும். இடப்பக்கமும் பாருங்கள். முதுகைக் கூனினால் அளவு குறைவாகக் காட்டும். ஒரு தோளை மட்டும் பின்னால் இழுத்தால் அதிகமாகக் காட்டும்.

இடுப்புக்கு: கால்கள் தரையில் படாதபடி உயரமான மேசையில் உட்காருங்கள். முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இடது பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக விலக்குங்கள். பாதம் வெளியே போகும்போது தொடை எலும்பு உள்நோக்கிச் சுழலும். முழங்காலிலிருந்து பாதம் வரையான நீளத்தில் பாதியளவு பாதம் விலகினால் அது 30 டிகிரி. உங்கள் முழங்கால் கீழ்ப்பகுதி 40 செ.மீ. என்றால் 20 செ.மீ. விலக வேண்டும். புட்டம் மேசையிலிருந்து எழும்பக் கூடாது, எழும்பினால் அந்த அளவு செல்லாது. வலது காலையும் பார்த்து, இரண்டையும் குறித்து வையுங்கள்.

இந்தச் சோதனையில்தான் பலர் திகைத்துப்போவார்கள். சின்ன வயதிலிருந்து சம்மணமிட்டு உட்கார்ந்து பழகியவர்கள், தங்கள் இடுப்பு நன்றாகத் தளர்ந்திருப்பதாக நம்புகிறார்கள். சம்மணத்தில் தொடை வெளிநோக்கிச் சுழல்கிறது. கோல்ஃபுக்கு வேண்டியது உள்நோக்கிய சுழற்சி. பேக்ஸ்விங்கில் வலது இடுப்பும், டவுன்ஸ்விங்கில் (ஓங்கிய கிளப்பைப் பந்தை நோக்கி இறக்குவது) அதைவிட வேகமாக இடது இடுப்பும் உள்நோக்கிச் சுழல வேண்டும். வலது இடுப்பு இறுகியிருந்தால், திரும்புவதற்குப் பதில் உடல் வலப்பக்கம் நகர்ந்துவிடும். இடது இடுப்பு இறுகியிருந்தால் பந்தை அடிக்கும் தருணத்தில் உடல் நிமிர்ந்துகொள்ளும், மிச்சத் திருப்பம் கீழ்முதுகில் விழும். கோல்ஃப் ஆடுவோரின் முதுகுவலியை ஆராய்பவர்கள் முதலில் சந்தேகிக்கும் இடங்களில் ஒன்று இந்த இடது இடுப்பு.

வீட்டில்: வாரத்தில் மூன்று நாள், 20 நிமிடம்

ஒரு பாய், இரண்டு தலையணை, ஒரு நீளத் துண்டு, ஒரு நாற்காலி இருந்தால் போதும். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

1. படுத்தபடி மேல்முதுகைத் திருப்புதல். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, தலைக்கு ஒரு தலையணை வையுங்கள். இடுப்பும் முழங்காலும் 90 டிகிரி மடங்கியிருக்க, முழங்கால்களுக்கு நடுவே இன்னொரு தலையணை. இரு கைகளையும் முன்னால் நீட்டி உள்ளங்கைகளைச் சேருங்கள். மூச்சை விட்டபடி வலது கையைத் தூக்கி, வளைவாகப் பின்பக்கம் கொண்டுபோங்கள். கண்கள் அந்தக் கையோடு போகட்டும். மூன்று விநாடி நின்று திரும்புங்கள். பக்கத்துக்கு 8 தடவை. கை தரையைத் தொட்டுவிட வேண்டும் என்ற ஆசையில் மேல் முழங்கால் தலையணையை விட்டு எழும்பிவிடும். எழும்பிய நொடியில் திருப்பம் கீழ்முதுகுக்கு மாறிவிடுகிறது. இடது கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், வலது கை அந்தரத்திலேயே நின்றாலும் பரவாயில்லை.

2. குதிகாலில் அமர்ந்து திருப்புதல். முட்டி போட்டு, புட்டம் குதிகாலில் படும்படி அமர்ந்து, இடது முன்னங்கையைத் தரையில் ஊன்றுங்கள். வலது கை பிடரியில். வலது முழங்கையைக் கூரையை நோக்கித் திருப்புங்கள், 8 தடவை. பிறகு பக்கம் மாற்றுங்கள். குதிகாலில் அமர்வதால் கீழ்முதுகு அதிகம் அசைய முடியாது, மேல்முதுகுதான் வேலை செய்தாக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு முதல் பயிற்சியை இரண்டு சுற்று செய்யலாம்.

3. இடுப்பை உள்நோக்கிச் சுழற்றுதல். இருப்பதிலேயே முக்கியமானது இது. தரையில் அமர்ந்து, வலது காலை முன்னால் 90 டிகிரி மடக்கி, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி மார்புக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். இடது காலைப் பக்கவாட்டில் 90 டிகிரி மடக்குங்கள், பாதம் பின்னோக்கி இருக்கும். இப்போது இடது தொடை உள்நோக்கிச் சுழன்ற நிலையில் இருக்கிறது. இடது புட்டத்தை மெல்லத் தரையை நோக்கி இறக்கி 30 விநாடி இருங்கள். பிறகு இடது முழங்கால் தரையிலேயே இருக்க, பாதத்தை மட்டும் ஒரு விரற்கடை உயர்த்த முயன்று 5 விநாடி பிடியுங்கள், ஐந்து தடவை. முதலில் பாதம் அசையவே அசையாது. தொடை பிடித்துக்கொள்வது போல் இருக்கும். முயற்சி செய்தாலே தசைக்கு வேலை நடக்கிறது. இப்படி இரண்டு சுற்று, பிறகு கால் மாற்றுங்கள்.

உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தால் வலது புட்டத்துக்கு அடியில் தலையணை வையுங்கள், கைகளைப் பின்னால் ஊன்றிக்கொள்ளுங்கள். முழங்காலின் உள்பக்கம் வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மல்லாந்து படுங்கள். பாதங்களை இடுப்பைவிட அகலமாக ஊன்றி, ஒரு முழங்காலை உள்பக்கமாகச் சாய விடுங்கள். பலன் கிட்டத்தட்ட அதேதான், முழங்காலுக்குச் சுமை இல்லை.

4. இடுப்பின் முன்தசை. வலது முழங்காலைத் தலையணையில் ஊன்றி, இடது பாதத்தை முன்னால் வையுங்கள். வலது புட்டத்தை இறுக்கி, வால் எலும்பை அடிப்பக்கமாக உள்ளே சுருட்டுங்கள். அதன் பிறகு உடலை இரண்டு மூன்று செ.மீ. மட்டும் முன்னால் நகர்த்தினால் வலது தொடையின் மேற்பகுதி இழுக்கும். 30 விநாடி, இரண்டு தடவை, இரு கால்களுக்கும். முன்னால் வெகுதூரம் சாய்பவர்கள் தொடையை இழுக்கவில்லை, கீழ்முதுகைத்தான் பின்னோக்கி வளைக்கிறார்கள். முதுகில் அழுத்தம் தெரிந்தால் செய்வது தவறு.

5. தொடையின் பின்தசை. மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டைக் கோர்த்து, காலை நேராகத் தூக்கி 30 விநாடி. இரு கால்களுக்கும் இரண்டு தடவை. கெண்டைக்காலிலோ பாதத்திலோ சுரீர் என்றோ மரத்தாற்போலவோ இருந்தால் இழுபடுவது நரம்பு. காலைக் கொஞ்சம் இறக்குங்கள், முழங்காலை மடக்குங்கள்.

6. அக்குளிலிருந்து இடுப்பு வரை போகும் முதுகுத் தசை. நாற்காலிக்கு முன் முட்டி போட்டு, முழங்கைகளை இருக்கையில் ஊன்றி, மார்பைத் தரையை நோக்கி இறக்குங்கள், 30 விநாடி, இரண்டு தடவை. இந்தத் தசை இறுகியவர்களால் கைகளை உயர்த்தும்போது குனிந்த நிலையைத் தக்கவைக்க முடியாது. பேக்ஸ்விங்கின் உச்சியில் நிமிர்ந்துவிடுவார்கள், பந்தின் தலையில் கிளப் படும்.

முன்னங்கைக்குத் தனியாக நேரம் வேண்டாம். கையை நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, மற்ற கையால் விரல்களைக் கீழே இழுத்து 20 விநாடி. பிறகு உள்ளங்கையைக் கீழே திருப்பி, மணிக்கட்டை மடக்கி 20 விநாடி. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

இழுவை எப்போதும் தாங்கக்கூடிய அளவில் இருக்கட்டும், மூச்சை அடக்காதீர்கள். முகம் சுளித்தால் அளவு மீறிவிட்டது. 60 வயதைத் தாண்டியவர்கள் 30 விநாடி என்பதை மெல்ல மெல்ல 60 விநாடியாக்கலாம்.

ஆட்ட நாளில்: முதல் அடிக்கு முன் 10 நிமிடம்

காரிலிருந்து இறங்கி நேராக டிரைவரை (அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்) எடுத்து ஓங்கி வீசுவதுதான் ஆபத்தான பழக்கம். ஸ்பெயினின் மிகேல் ஆங்கெல் ஹிமெனெஸ் 2014இல், 50 வயதில், ஸ்பானிஷ் ஓப்பனை வென்று ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரின் மிக மூத்த வெற்றியாளர் ஆனார். பந்தைத் தொடும் முன் அவர் பொறுமையாகச் செய்யும் உடலசைவுகளைப் பார்க்கவே ரசிகர்கள் கூடுவார்கள்.

மூன்று நான்கு நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வாருங்கள். சென்னை வெயிலில் வேர்த்துவிட்டதாலேயே உடல் தயாராகிவிட்டதென்று எண்ண வேண்டாம். தோல் சூடாவது வேறு, தசையில் ரத்த ஓட்டம் கூடுவது வேறு. ஊட்டி, கொடைக்கானல் திடல்களில் அதிகாலை ஆட்டம் என்றால் நடையை இரட்டிப்பாக்குங்கள், முதல் இரண்டு குழிகளுக்காவது ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள்.

பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள்.

- கோல்ஃப் வண்டியையோ மரத்தையோ பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் 10 தடவை, குறுக்காக 10 தடவை வீசுங்கள். கிராஃபைட் கிளப்பில் உடல் எடையைச் சாய்க்காதீர்கள், தண்டு முறியலாம்.
- ஒரு கிளப்பை முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள். தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் அது தொட்டபடி இருக்க, இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிருங்கள், 8 தடவை. பந்தின் முன் நிற்கும் நிலையும் இதுதான்.
- வலது காலைப் பின்வைத்து இரு முழங்கால்களையும் மடக்கி, மார்புக்கு முன் கிடைமட்டமாகப் பிடித்த கிளப்போடு இடப்பக்கம் திரும்புங்கள். பக்கத்துக்கு 5.
- கிளப்பை மார்புக்குக் குறுக்கே அணைத்து, குனிந்த நிலையில் இரு பக்கமும் திரும்புங்கள், 10 தடவை. முதல் நான்கு பாதி அளவு, பிறகு முழுசாக. திரும்பும்போது எதிர்க் குதிகால் எழும்பட்டும்.
- வெட்ஜால் (குறைந்த தூரத்துக்கு அடிக்கும் கிளப்) பாதி ஸ்விங் 10, முக்கால் ஸ்விங் 5, எதிர்க்கையில் 5.

பந்து அடிக்கும்போதும் வெட்ஜில் ஆரம்பித்து, நடுத்தர அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்), கடைசியாக டிரைவர்.

கிளப்பைத் தோள்களின் பின்னால் மாட்டி, பாதங்களை அசைக்காமல் விசுக் விசுக்கென்று திரும்புவதைப் பல திடல்களில் பார்க்கலாம். அதை விட்டுவிடுங்கள். நீளமான கிளப்பும் கைகளும் சேர்ந்து தரும் வேகத்தைத் திருப்பத்தின் கடைசியில் நிறுத்த வேண்டியது கீழ்முதுகு. பாதமும் முழங்காலும் பூட்டியிருப்பதால் அந்த விசை வேறெங்கும் போக வழியில்லை. குனிந்து கால்விரலைத் தொட்டுத் தொட்டு எழுவதும் இதே வகைதான்.

வண்டியில் போகிறவர்களுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மறுபடி இறுகும். முன்னால் ஆடும் குழுவுக்காகக் காத்திருக்கும்போது எழுந்து நின்று ஐந்தாறு தடவை திரும்புங்கள். ஆட்டம் முடிந்ததும், உடல் சூடாக இருக்கும்போதே, நான்காவது, ஐந்தாவது பயிற்சிகளை நின்றபடி செய்துவிட்டுக் கிளம்பலாம்.

யார் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்

இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், மருத்துவர் அனுமதி இல்லாமல் மூன்றாவது பயிற்சியைச் செய்யவே கூடாது. சில வகை அறுவை சிகிச்சைக்குப் பின் உள்நோக்கிய சுழற்சியால் மூட்டு இடம் பெயரலாம். எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்தவர்கள் (ஆஸ்டியோபோரோசிஸ்) குனிதலையும் முறுக்குதலையும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டே செய்ய வேண்டும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலித்தாலோ ஸ்ட்ரெட்சிங் வைத்தியம் ஆகாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆறு வாரம் கழித்து

அதே நாற்காலி, அதே மேசையில் மறுபடி அளந்து பாருங்கள். மேல்முதுகு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி மாறியிருக்கும். இடுப்பு மெதுவாகத்தான் மாறும், சிலருக்கு மாறவே மாறாது. காரணம் தசை அல்ல, மூட்டுக் குழியும் தொடை எலும்பும் அமைந்திருக்கும் விதம். எலும்பை ஸ்ட்ரெட்ச் செய்ய முடியாது, அதோடு மல்லுக்கட்டினால் கவட்டையில் வலி வரும்.

அப்படிப்பட்டவர்கள் ஸ்விங்கை உடலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். இடது பாதத்தை 20 முதல் 30 டிகிரி வெளிப்பக்கம் திருப்பி வைத்து நின்றால், ஏறக்குறைய அதே அளவு உள்சுழற்சி இடது இடுப்புக்கு மிச்சமாகும். அமெரிக்க கோல்ஃப் ஜாம்பவான் பென் ஹோகனும் இடது பாதத்தைச் சற்றே வெளியே திருப்பி வைக்கத்தான் சொன்னார். பேக்ஸ்விங்கில் இடது குதிகாலை எழும்ப விட்டால் இடுப்பு இன்னும் கொஞ்சம் கூடத் திரும்பும், கீழ்முதுகின் பங்கு குறையும். இன்னொரு அமெரிக்க ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் அப்படித்தான் ஆடினார். குதிகால் எங்கிருந்து எழும்பியதோ அதே இடத்தில், டவுன்ஸ்விங் தொடங்கும்போது முதல் வேலையாக அதை ஊன்றப் பழகுங்கள். வேறிடத்தில் ஊன்றினால் பந்து போகும் திசை மாறிவிடும். முதல் சில நாள் வெட்ஜோடு, பாதி ஸ்விங்கில் மட்டும் இதைப் பழகினால் போதும்.